ஓஎஸ்எல்சி: கருவிகளுக்கு நடுவே முதல் இணைப்பைப் போடுவது எப்படி?

ஒரு டெஸ்ட் தோற்றுவிட்டது. எந்த ரிக்வயர்மென்டை, அதாவது மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்ற எந்தக் குறிப்பை, சோதிக்க அதை எழுதினார்கள்? அந்த ரிக்வயர்மென்டைக் கடைசியாகத் தொட்ட டிக்கெட், அதாவது வேலைப் பதிவு, எது? கேள்வி சின்னதுதான். பதிலுக்கு மூன்று கருவிகளைத் திறக்க வேண்டும், மூன்றிலும் தனித்தனியாக லாகின் செய்ய வேண்டும், கடைசியில் "அந்த எக்செல் ஷீட் யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டு அலைய வேண்டும். எது எதோடு சேரும் என்று குறித்துவைத்த அந்த ஷீட்டைப் பராமரிப்பவர் அன்றைக்கு லீவு என்றால் கதை முடிந்தது.

கருவிகளை இணைக்கும் ஓஎஸ்எல்சி என்ற பொதுத் தரத்தை வைத்து அந்த ஷீட்டுக்கு ஓய்வு கொடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கெட், போஸ்ட் என்றால் என்ன என்ற அளவுக்கு எச்டிடிபி தெரிந்தால் போதும். மற்றதைப் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

நகலா, சுட்டலா?

கருவிகளை இணைக்க வேண்டும் என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒரு ஸ்கிரிப்ட். இங்கே இருப்பதை எடுத்து அங்கே எழுது, அங்கே மாறினால் இங்கே திருத்து. நானும் அதைத்தான் செய்தேன். டிக்கெட் கருவிக்கும் டெஸ்ட் கருவிக்கும் நடுவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு ஸ்கிரிப்ட். ஒரு வெள்ளிக்கிழமை மாலை யாரோ ஒரு டிக்கெட்டின் நிலையை மாற்றினார்கள். ஸ்கிரிப்ட் அதை அந்தப் பக்கம் எழுதியது. எழுதியதால் அந்தப் பக்கத்தில் ‘கடைசியாக மாறிய நேரம்’ புதிதானது. அடுத்த ஓட்டத்தில் அதையே புது மாற்றமாக எண்ணி இந்தப் பக்கம் எழுதியது. இப்படியே இரண்டு நாள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அந்த ஒரு டிக்கெட்டின் வரலாற்றில் நூற்றுக்கணக்கான வரிகள், வரிக்கு ஒரு மின்னஞ்சல், குழுவில் இருந்த எல்லோருக்கும்.

சுழற்சியை நிறுத்த ஒரு நிபந்தனை போட்டேன், அது நின்றது. ஆனால் அதற்கடியில் இருந்த சிக்கல் நிற்கவில்லை. ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருந்தால் எது நிஜம்? இரண்டும் முரண்படும்போது யார் தீர்ப்புச் சொல்வது? நகல் எடுக்கும் எந்த இணைப்பும் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டும்.

ஓஎஸ்எல்சி வேறு பக்கத்திலிருந்து வருகிறது. தகவல் எங்கே பிறந்ததோ அங்கேயே இருக்கட்டும். அடுத்த கருவி அதன் முகவரியை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளட்டும். தலைப்போ நிலையோ தேவைப்படும்போது அந்த முகவரியில் போய்க் கேட்டுக்கொள்ளட்டும். இணையப் பக்கங்கள் ஒன்றையொன்று சுட்டுவது போலத்தான். சுட்டுவதற்காக யாரும் அடுத்தவர் பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொள்வதில்லை. பொருள்களுக்கு யூஆர்எல்லால் பெயர் வை, அந்த யூஆர்எல்லில் கேட்டால் உபயோகமான தகவல் கொடு, அதில் மற்றப் பொருள்களின் யூஆர்எல்லையும் சேர் என்று டிம் பெர்னர்ஸ்-லீ 2006-ல் ‘லிங்க்ட் டேட்டா’வுக்கு எழுதிய விதிகளின் சாரம் இதுதான். அதை மென்பொருள் உருவாக்கும் கருவிகளுக்கென்று வரையறுத்தது ஓஎஸ்எல்சி.

முழுப்பெயர் ‘ஓபன் சர்வீசஸ் ஃபார் லைஃப்சைக்கிள் கொலாபரேஷன்’. 2008-ல் ஐபிஎம் முன்னெடுப்பில் தொடங்கியது, 2013-ல் ஓயாசிஸ் என்ற தர அமைப்பின் கீழ் போனது. அடிப்படை விதிகளைச் சொல்லும் ‘கோர்’ ஆவணத்தின் 3.0 பதிப்பு 2021-ல் ஓயாசிஸ் தரமானது. இருந்தாலும் பழைய 2.0 பேசும் கருவிகளும் நிறையப் புழக்கத்தில் இருக்கின்றன. அதனால் இரண்டுக்கும் பொருந்துகிறபடியே சொல்கிறேன்.

பொதுத் தரம் எதற்கு, மற்ற நிரல்கள் பேசுவதற்காக ஒவ்வொரு கருவியும் திறந்துவைத்திருக்கும் ஏபிஐக்களை வைத்தே ஒட்டினால் என்ன என்று கேட்கலாம். இரண்டே கருவிகள் என்றால் ஒட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஐந்து கருவிகளை ஒன்றோடொன்று ஒட்ட 10 ஒட்டுகள் வேண்டும். பத்துக் கருவிகளுக்கு 45. ஒவ்வொரு கருவியும் ஆண்டுக்கொரு புதுப் பதிப்பு விட்டால் அந்த 45-ஐயும் யாராவது தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ‘யாராவது’ பெரும்பாலும் இதைப் படிக்கும் நீங்கள்தான்.

முதல் படி: ஒரு தாள், ஒரு கேள்வி

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவியில் என்ன பிறக்கிறது என்று எழுதுங்கள். ரிக்வயர்மென்ட் எங்கே எழுதப்படுகிறது, டிக்கெட் எங்கே, டெஸ்ட் கேஸ் எங்கே. ஒரே பொருள் இரண்டு இடத்தில் பிறப்பதாக யாராவது சொன்னால் அங்கேயே நின்று பேசித் தீர்த்துவிடுங்கள். எந்தத் தரமும் அதைத் தீர்த்துவைக்காது.

அப்புறம், பதில் தெரிய வேண்டிய ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். ‘இந்த வெளியீட்டில் எந்த ரிக்வயர்மென்டுக்கு இன்னும் டெஸ்ட் இல்லை?’ என்பது நல்ல முதல் கேள்வி. இரண்டு கருவி, ஒரு வகை இணைப்பு, தெளிவான பதில். வாகன மென்பொருளுக்கான ஐஎஸ்ஓ 26262, விமான மென்பொருளுக்கான டிஓ-178சி போன்ற விதிமுறைகளின் கீழ் வேலை செய்பவர்களிடம் தணிக்கையாளர் கேட்பதும் இந்த வகைக் கேள்வியைத்தான். ‘எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைப்போம்’ என்று அகலக்கால் வைத்த திட்டங்கள் தாளைத் தாண்டி வந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் படி: உங்கள் கருவி ஏற்கெனவே பேசுகிறதா?

பலர் இதைப் பார்க்காமலே அடாப்டர் என்ற இடைநிலை நிரலை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுதான். ஐபிஎம்மின் டோர்ஸ் நெக்ஸ்ட் போன்ற ரிக்வயர்மென்ட் கருவிகள், சீமென்ஸின் பொலாரியன் ஆகியவை ஓஎஸ்எல்சி பேசும். ஜிராவுக்கு வெளியார் செய்த பிளக்-இன்கள் கிடைக்கின்றன. உங்கள் கருவியின் நிர்வாகக் கையேட்டில் ‘ஓஎஸ்எல்சி’ என்று தேடிப் பாருங்கள்.

தேடிக் கிடைத்தவுடன் மகிழ்ந்துவிடாதீர்கள். ‘ஆதரிக்கிறோம்’ என்ற சொல்லுக்குள் பல தரம் உண்டு. சில கருவிகள் மற்றவர்களைச் சுட்ட மட்டும் செய்யும். தன்னைச் சுட்ட விடாது. சில, முன்தோற்றம் காட்டும், தேட விடாது. இரண்டு கேள்வி கேளுங்கள்: என் பொருளுக்கு நிலையான முகவரி உண்டா? அந்த முகவரியில் கேட்டால் ஆர்டிஎஃப் கிடைக்குமா? இரண்டுக்கும் ஆம் என்றால் தொடங்கப் போதும்.

ஆர்டிஎஃப் என்ற பெயரைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம். எழுவாய், உறவு, செயப்படுபொருள் என்று மூன்று துண்டில் எழுதும் முறை, அவ்வளவுதான். ‘டெஸ்ட் 118 — சோதிக்கிறது — ரிக்வயர்மென்ட் 42.’ மூன்று துண்டில் முதலாவது பெரும்பாலும் முகவரி, இரண்டாவது எப்போதும் முகவரி. மூன்றாவது முகவரியாகவும் இருக்கலாம், வெறும் சொல்லாகவோ எண்ணாகவோ தேதியாகவோ இருக்கலாம். நடுவில் உள்ள உறவுக்கும் முகவரி உண்டு என்பதுதான் இதில் சூட்சுமம். ‘சோதிக்கிறது’ என்று ஒரு கருவியும் ‘சரிபார்க்கிறது’ என்று இன்னொன்றும் திரையில் காட்டிக்கொள்ளட்டும். அடியில் இருப்பது ‘வேலிடேட்ஸ் ரிக்வயர்மென்ட்’ என்ற, தரத்தில் வரையறுத்த ஒரே முகவரி. கருவிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்வது அதை வைத்துத்தான்.

மூன்றாம் படி: ஒரு பொருளைக் கையால் எடுத்துப் பாருங்கள்

நிரல் எதுவும் வேண்டாம். எச்டிடிபி கோரிக்கையைக் கையால் அனுப்ப உதவும் கர்ல் அல்லது போஸ்ட்மேன் போதும். டெஸ்ட் கருவியில் ஏதாவது ஒரு டெஸ்ட் கேஸின் முகவரியை எடுத்து ஒரு கெட் அனுப்புங்கள். ‘அக்செப்ட்’ ஹெடரில் டர்ட்டில் என்ற ஆர்டிஎஃப் எழுத்து வடிவம் கேளுங்கள். மனிதக் கண்ணுக்கு ஏற்றது அதுதான். பழைய கருவி டர்ட்டில் தெரியாது என்று 406 அனுப்பினால் ஆர்டிஎஃப் எக்ஸ்எம்எல் கேளுங்கள். புதியவை ஜேசன்-எல்டியும் தரும். கூடவே ‘ஓஎஸ்எல்சி-கோர்-வெர்ஷன்’ என்ற ஹெடரில் 2.0 என்று சேருங்கள். அது இல்லாவிட்டால் சில கருவிகள் இன்னும் பழைய 1.0 வடிவத்தில் பதில் தந்துவிடும், நீங்கள் பாதி நாள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

இங்கே எல்லோரும் ஒருமுறை விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. பதில் 200 என்று வரும். எல்லாம் சரி என்று நினைப்பீர்கள். உள்ளே பார்த்தால் லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல். சர்வர் உங்களை அழகாக லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, ‘வெற்றி’ என்று சொல்லியிருக்கும். அதனால் பதில் எண்ணோடு நின்றுவிடாதீர்கள். ‘கன்டென்ட்-டைப்’ ஹெடரையும் பாருங்கள். நிரல் எழுதும்போதும் இந்தச் சோதனையை முதல் வரியில் வையுங்கள்.

சரியான பதில் வந்தால் பத்து நிமிடம் அதைப் படியுங்கள். தலைப்பு, அடையாள எண், உருவான நேரம் ஆகியவை ‘டப்ளின் கோர்’ என்ற பொதுச் சொல்தொகுதியிலிருந்து வந்திருக்கும். டெஸ்டுக்கே உரியவை ஓஎஸ்எல்சியின் தர மேலாண்மைச் சொல்தொகுதியில். மிச்சம் கருவி தயாரித்தவரின் சொந்தச் சொற்கள். இந்த மூன்றாவது வகையை மறந்துவிடாதீர்கள், ஐந்தாம் படியில் இது நம் காலை வாரும்.

நான்காம் படி: முகவரிகளை மனப்பாடம் செய்யாதீர்கள்

அடுத்து என்ன செய்வோம்? புது டெஸ்ட் உருவாக்கும் முகவரி எது, தேடும் முகவரி எது என்று கண்டுபிடித்து நிரலில் எழுதிவிடுவோம். வேண்டாம். அடுத்த பதிப்பில் அது மாறும்.

ஓஎஸ்எல்சியில் ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் என்ன இருக்கிறது என்று தானே சொல்லும். மேலே ‘கேட்டலாக்’, அதற்குள் ‘சர்வீஸ் புரொவைடர்’கள், ஒரு புரொவைடர் என்பது பெரும்பாலும் ஒரு புராஜெக்ட். புரொவைடருக்குள் சர்வீஸ்கள். சர்வீஸுக்குள் நமக்கு வேண்டிய நான்கும்: உருவாக்கும் முகவரி, தேடும் முகவரி, தேர்ந்தெடுக்கும் டயலாக், உருவாக்கும் டயலாக். ஐபிஎம் கருவிகளில் இந்தப் பயணம் ‘ரூட்சர்வீசஸ்’ என்ற பக்கத்தில் தொடங்கும். உங்கள் நிரலுக்குக் கேட்டலாக்கின் முகவரி மட்டும் தெரிந்தால் போதும். மீதியைக் கேட்டுக் கேட்டே இறங்கட்டும். முதல் தடவை இதையும் கையாலேயே செய்து பாருங்கள். ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் பிறகு எந்தக் கருவியைக் கண்டும் பயம் வராது.

உருவாக்கும் முகவரியின் பக்கத்திலேயே ‘ஷேப்’ ஒன்று சுட்டப்பட்டிருக்கும். எந்தப் பண்பு கட்டாயம், எது ஒருமுறை மட்டும், எதற்கு எந்த மதிப்புகள் செல்லும் என்று சொல்லும் விண்ணப்பப் படிவம் போன்றது. அதைப் படிக்காமல் போஸ்ட் அனுப்பினால் 400 வரும், காரணம் பாதி நேரம் புரியாத மொழியில் இருக்கும். படித்துவிட்டு அனுப்பினால் 201 வரும். புதுப் பொருளின் முகவரி ‘லொக்கேஷன்’ ஹெடரில் இருக்கும். அந்த முகவரிதான் இனி அதன் பெயர். அதை வெட்டி, ஒட்டி, எண்ணை மட்டும் உருவி எடுத்து மீண்டும் கட்டாதீர்கள். வந்தபடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இணைப்பு

இனி வந்த வேலை. டெஸ்ட் 118, ரிக்வயர்மென்ட் 42-ஐச் சோதிக்கிறது என்று எழுத வேண்டும். எந்தப் பக்கம் எழுதுவது?

ஓஎஸ்எல்சியின் பழைய வழக்கில் இரண்டு பக்கமும் எழுதினார்கள். டெஸ்டில் ‘சோதிக்கிறது’, ரிக்வயர்மென்டில் ‘சோதிக்கப்படுகிறது’. இரண்டில் ஒன்று எழுதும்போது நெட்வொர்க் அறுந்தால் பாதி இணைப்பு நிற்கும். ஒருவர் ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கம் அனாதையாகும். நகல் சிக்கல் பின்வாசல் வழியாக வந்துவிட்டது, பாருங்கள். அதனால் ஒரு பக்கம் மட்டும் எழுதுவதே நல்லது, மறுதிசையைத் தேடித் தெரிந்துகொள்ளலாம். எந்தப் பக்கம் என்பதற்கு என் வழக்கம் இது: பின்னால் பிறந்தது முன்னால் பிறந்ததைச் சுட்டட்டும். டெஸ்ட் ரிக்வயர்மென்டைச் சுட்டும். டிக்கெட் ரிக்வயர்மென்டைச் சுட்டும். ஒப்புதல் பெற்றுப் பூட்டிவைத்த ரிக்வயர்மென்டில், யாரோ புதிதாக ஒரு டெஸ்ட் எழுதினார் என்பதற்காகக் கை வைக்க வேண்டிய நிலை வராது.

எழுதும் முறை: முதலில் டெஸ்டை கெட் செய்யுங்கள். பதிலோடு ‘ஈடேக்’ என்ற முத்திரை வரும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வந்த ஆர்டிஎஃப்பில் ‘வேலிடேட்ஸ் ரிக்வயர்மென்ட்’ என்ற ஒரே ஒரு வரியைச் சேருங்கள். முழுவதையும் புட் மூலம் திருப்பி அனுப்புங்கள். ‘இஃப்-மேட்ச்’ ஹெடரில் அந்த முத்திரையை வையுங்கள். நடுவில் வேறு யாராவது அந்த டெஸ்டை மாற்றியிருந்தால் 412 வரும். பழுது ஒன்றும் இல்லை, சர்வர் உங்களைக் காப்பாற்றுகிறது. மறுபடி கெட், மறுபடி சேர்ப்பு, மறுபடி புட்.

காலை வாரும் இடம் என்று சொன்னேனே, அது இங்கேதான். புட் என்றால் முழுமையாக மாற்றி எழுது என்று பொருள். உங்கள் நிரல், வந்த ஆர்டிஎஃப்பில் தனக்குத் தெரிந்த தலைப்பு, விவரம், எண் மூன்றை மட்டும் ஒரு கிளாஸுக்குள் ஏற்றி, இணைப்பைச் சேர்த்து, திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்? தெரியாத பண்புகள் எல்லாம் போய்விடும். கருவியின் சொந்தப் பண்புகள், மற்றவர்கள் போட்ட இணைப்புகள், எல்லாம். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரு வாரம் கழித்து யாராவது ‘என் டெஸ்டில் இருந்த முன்னுரிமை எங்கே?’ என்று கேட்கும்போதுதான் தெரியும். தெரியாததை அப்படியே பாதுகாத்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தரமே சொல்கிறது. சோதிக்க எளிய வழி: எதையும் மாற்றாமல் கெட் செய்ததை உங்கள் நிரல் வழியாகவே புட் செய்யுங்கள்; மீண்டும் கெட் செய்து பழையதோடு ஒப்பிடுங்கள். மாறிய நேரம் தவிர வேறு எதுவும் குறைந்திருக்கக் கூடாது. இந்தச் சோதனையில் தேறாத நிரலை நிஜ சர்வர் பக்கமே விடாதீர்கள்.

ஆறாம் படி: மனிதர்களுக்கு ஒரு ஜன்னல்

டெஸ்ட் எழுதுபவர் முகவரியை காப்பி செய்து ஒட்டிக்கொண்டிருக்க மாட்டார். அதற்குத்தான் டயலாக். ரிக்வயர்மென்ட் கருவி தன்னுடைய தேடும் ஜன்னலைத் தானே தருகிறது. டெஸ்ட் கருவி அதை ஒரு ஐஃப்ரேமில், அதாவது தன் பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் கட்டத்தில், திறக்கிறது. பயனர் 42-ஐத் தேர்ந்தெடுத்ததும், தேர்ந்த பொருளின் முகவரியும் தலைப்பும், பிரவுசரில் பக்கங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ‘போஸ்ட்மெசேஜ்’ வழியாகத் திரும்பி வருகின்றன. அடுத்தவர் கருவிக்கான தேடல் திரையை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. ஓஎஸ்எல்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதைப் போலவே இணைப்பின் மேல் மவுஸை வைத்தால் தலைப்பு, ஐகான், சின்ன முன்தோற்றம் காட்டுவதும் உண்டு. அதையும் சொந்தக்காரக் கருவியே வரைந்து தரும்.

இது நன்றாக ஓட மூன்று பேர் ஒத்துழைக்க வேண்டும். ரிக்வயர்மென்ட் சர்வர் தன்னை இன்னொரு தளத்தின் ஐஃப்ரேமுக்குள் திறக்க அனுமதிக்க வேண்டும். பாதுகாப்பு ஹெடர்கள் அதைத் தடுத்திருந்தால் வெள்ளைக் கட்டம்தான் தெரியும். பிரவுசர் வெளித்தள குக்கிகளை அனுமதிக்க வேண்டும். இன்றைய பிரவுசர்கள் இதில் நாளுக்கு நாள் கறாராகின்றன. ஐஃப்ரேமுக்குள் லாகின் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். இரண்டு கருவிகளையும் ஒரே தாய் டொமைனின் கீழ் வைத்தால் பாதித் தலைவலி குறையும். மூன்றாவது பேர், நீங்கள்: வந்த செய்தி எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று பார்க்காமல் நம்பாதீர்கள்.

லாகின் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. பயனர் சார்பில் ஒரு கருவி இன்னொன்றுக்குள் நுழைய உதவும் முறைகள் இவை: 2.0 கருவிகளில் பெரும்பாலும் ஓஆத் 1.0ஏ, புதியவற்றில் ஓஆத் 2, ஓப்பன்ஐடி கனெக்ட். சர்வர்கள் ஒன்றையொன்று நண்பராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு இரு பக்க நிர்வாகிகளும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். தொழில்நுட்பத்தைவிட அவர்கள் இருவருக்கும் பொதுவான ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடிப்பதே கடினம். ஒவ்வொரு பயனரும் தன் சொந்த உரிமையோடு அடுத்த கருவிக்குள் போவதே முறை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு சர்வீஸ் கணக்கு வைத்து, அதன் வழியாக முன்தோற்றம் காட்டினால், பார்க்கக் கூடாத ரிக்வயர்மென்டின் தலைப்பு பார்க்கக் கூடாதவர் கண்ணில் படும்.

ஏழாம் படி: இப்போது கேள்வியைக் கேளுங்கள்

முதல் தாளில் எழுதிய கேள்விக்குத் திரும்புவோம். தேடும் முகவரிக்கு ‘ஓஎஸ்எல்சி.வேர்’ என்ற அளவுருவில் நிபந்தனை, ‘ஓஎஸ்எல்சி.செலக்ட்’ அளவுருவில் வேண்டிய பண்புகள். ‘வேலிடேட்ஸ் ரிக்வயர்மென்ட்’ மதிப்பு 42-ன் முகவரியாக உள்ள டெஸ்ட்களைக் கொடு என்று கேட்டால் மறுதிசை இணைப்பு கிடைத்துவிட்டது. ஒன்றும் வராவிட்டால் அந்த ரிக்வயர்மென்டுக்கு டெஸ்ட் இல்லை.

கவனிக்க வேண்டியவை கொஞ்சம். முகவரிகளை யூஆர்எல் குறியாக்கம் செய்ய மறந்தால் ஹேஷ் குறிக்குப் பின்னால் உள்ளது சர்வருக்குப் போகவே போகாது. 2.0-வின் தேடல் மொழியில் ‘மற்றும்’ உண்டு, ‘அல்லது’ கிடையாது. இரண்டு முறை கேட்டு நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். பதில் பக்கம் பக்கமாக வரும்: ‘நெக்ஸ்ட்பேஜ்’ என்ற சுட்டி இருக்கும்வரை போய்க்கொண்டே இருங்கள். முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு ‘பாதி ரிக்வயர்மென்டுக்கு டெஸ்டே இல்லை’ என்று மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பியவர் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

பொருள்கள் ஆயிரக்கணக்கில் பெருகி, தினசரி அறிக்கை வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் தேடுவது சர்வரை வதைக்கும். அந்தக் கட்டத்துக்கு ‘டிராக்ட் ரிசோர்ஸ் செட்’ என்ற தனி ஏற்பாடு இருக்கிறது. கருவி தன்னிடம் உள்ள பொருள்களின் முகவரிப் பட்டியலையும், அதன்பின் உருவானது, மாறியது, அழிந்தது என்ற மாற்றப் பதிவையும் வரிசை எண்ணோடு வெளியிடும். அறிக்கைச் சர்வர் கடைசியாகப் படித்த எண்ணிலிருந்து மேலே படித்துக்கொண்டே போகும். இது நகல்தான், ஆனால் படிக்க மட்டுமேயான நகல், திரும்பி எழுதாது. வெள்ளிக்கிழமைச் சுழற்சி இதில் நடக்காது. முதல் மாதத்தில் இதைத் தொட வேண்டாம். பதிப்புகளையும் பேஸ்லைன்களையும் (ஒரு கட்டத்தில் உறையவைத்த நிலைகளையும்) சேர்த்து இணைக்கும் ‘கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட்’ பகுதியும் அப்படித்தான். அது தனிக் கட்டுரைக்குரிய காடு.

கருவிக்கு ஓஎஸ்எல்சி தெரியவே தெரியாது என்றால்

அடாப்டர்தான் வழி. கருவியின் சொந்த ஏபிஐக்கும் ஓஎஸ்எல்சிக்கும் நடுவே நிற்கும் சின்ன சர்வர். ஜாவா தெரிந்தவர்களுக்கு எக்லிப்ஸ் லயோ திட்டம் இருக்கிறது; ஆர்டிஎஃப் ஏற்றி இறக்குவது, கேட்டலாக் கட்டுவது, டயலாக் தருவது எல்லாம் அதில் தயாராக உண்டு. திறந்த மூலம்.

முதலில் படிக்க மட்டும் செய்யும் அடாப்டர் எழுதுங்கள். ஒரே வகைப் பொருள், ஐந்தாறு பண்புகள், ஒரு முன்தோற்றம். அதுவே மற்றக் கருவிகள் சுட்டுவதற்குப் போதும். அடாப்டர் தரும் முகவரியில் கருவியின் பெயரையோ சர்வரின் பெயரையோ போடாதீர்கள். சர்வரை ஒருநாள் மாற்றுவார்கள், கருவியையே மாற்றுவார்கள். அன்றைக்கு அத்தனை இணைப்புகளும் காற்றில் தொங்கும். உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமான, பொத்தாம்பொதுவான ஒரு டொமைன் பெயரை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். அழிந்த பொருளுக்கு 404-க்குப் பதில் 410 கொடுங்கள். ‘இருந்தது, இப்போது இல்லை’ என்பது ‘தெரியாது’ என்பதைவிட எவ்வளவோ மேல்.

எல்லா இணைப்புக்கும் ஓஎஸ்எல்சி வேண்டும் என்று நினைக்காதீர்கள். நிரல் புஷ் ஆனதும் பில்ட் ஓட வேண்டும் என்பதற்கு, ஒன்று நடந்ததும் அடுத்த கருவிக்குச் செய்தி அனுப்பும் ஒரு வெப்ஹுக் போதும். இரண்டு நிறுவனங்கள், நடுவே நெட்வொர்க்கே கிடையாது, ரிக்வயர்மென்ட்களைக் கைமாற்ற வேண்டும் என்றால் ஓஎம்ஜி அமைப்பின் ரெக்கிஃப் கோப்பு வடிவம்தான் பொருத்தம். இரு பக்கமும் நெட்வொர்க்கில் இருந்து, பொருள்களுக்கு நீண்ட ஆயுளும் இருந்தால், அங்கேதான் சுட்டும் வழி தன் விலையைத் திருப்பித் தரும்.

இணைப்புகள் ஓடத் தொடங்கியதும் எக்செல் ஷீட்டை உடனே அழித்துவிடாதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை தேடலின் பதிலையும் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முதல் வாரம் நிறைய வேறுபாடுகள் இருக்கும். பாதி உங்கள் தேடலில் உள்ள தப்பு, பாதி ஷீட்டிலேயே பல காலமாக இருந்த தப்பு. தொடர்ந்து மூன்று வாரம் வேறுபாடே இல்லை என்றால் ஷீட்டைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். யாராவது திறக்கச் சொல்லிக் கேட்டு வந்தால் அவருக்கு எந்தக் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது என்று விசாரியுங்கள். உங்கள் இரண்டாவது இணைப்பு அதுதான்.